வெட்டிய மண்ணுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம், இரு மாவட்டங்களின் நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, வனம், கனிமவளம், நீர்வளம், மீன்வளத் துறை அலுவலகங்கள்.

பொருள்: மலைச்சாலைப் பணிகளில் வெட்டி எடுக்கும் மண் ஓடைகளில் சேராமல் தடுப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,



இது முட்டை ஊர், முட்டையிலிருந்தே தொடங்குகிறோம். அடைக்கு வைத்த முட்டையில் சேறு அப்பிக்கொண்டால் குஞ்சு வராது. பண்ணையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் இது தெரியும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. உள்ளிருக்கும் கரு அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. துளை அடைபட்டால் கரு அங்கேயே முடிந்துபோகும்.

மீன் முட்டைக்கும் இதே சட்டம்தான். அதற்கு ஓடு கிடையாது, மெல்லிய சவ்வுதான். மலை ஓடையில் கூழாங்கற்களின் இடுக்கில் அது கிடக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஊடுருவிப் போகும் தண்ணீர்தான் அதற்குக் காற்றைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்த இடுக்கில் செம்மண் குழம்பு இறங்கி உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் மேலே ஓடிக்கொண்டே இருக்கும், அடியில் முட்டை மூச்சடைத்துச் செத்திருக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஓடை நன்றாகத்தான் தெரியும். செத்து மிதக்கும் மீன் இருந்தால் ஊர் கூடும். பொரிக்காத முட்டைக்கு யாரும் கூடுவதில்லை.

அந்தச் செம்மண் எங்கிருந்து வருகிறது, யார் தடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். சாலை வேண்டாம் என்று கேட்க நாங்கள் வரவில்லை. லாரிக்கு பாடி கட்டியும், சங்ககிரியில் லாரி வாங்கி ஓட்டியும், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியை நாடு முழுக்க அனுப்பியும் பிழைக்கும் மண் இது. சாலையைப் பழித்தால் எங்கள் சோற்றையே பழித்ததாகும். அதற்கும் மேலே போதமலை இருக்கிறது. ராசிபுரத்திலிருந்து பார்த்தாலே தெரியும் மலை. அதில் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்த பிறகும் தேர்தல் வந்தால் வாக்குப் பெட்டியைத் தலையில் சுமந்து ஏறினார்கள். நோய் வந்தால் மனிதரைத் தூளி கட்டிச் சுமந்து இறங்கினார்கள். அந்த மலைக்கு ஏறத்தாழ 140 கோடி ரூபாயில், 30 கிலோமீட்டருக்கு மேல் சாலை அமைக்க ஒப்புதல் கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நாங்களும் உண்டு. அது எப்போதோ கொடுத்திருக்க வேண்டிய கடன்.

அந்த மகிழ்ச்சியோடுதான் கேட்கிறோம்: அங்கே வெட்டும் மண் எங்கே போகும்? போதமலைக்கு மட்டுமான கேள்வி அல்ல இது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் கொல்லிமலை ஏறும் சாலையை அகலப்படுத்தினாலும், 20 வளைவுகளில் ஏற்காடு ஏறும் சாலையில் தடுப்புச்சுவர் கட்டினாலும், குப்பனூர் வழியைச் சீர்செய்தாலும், கல்வராயன் அடிவாரத்தில் ஊராட்சிச் சாலை போட்டாலும் இதே கேள்விதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலைச்சரிவில் இருக்கும் சாலையை 3 மீட்டர் அகலப்படுத்துகிறோம். உட்புறச் சரிவை 3 மீட்டர் உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெட்டும் பகுதி முக்கோணமாக இருக்கும். அதன் குறுக்குப் பரப்பு 4.5 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 4,500 கன மீட்டர் மண். நம் ஊர் அளவில் சொன்னால் ஏறத்தாழ 1,590 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஏற்றினால் 530 நடை. இது கெட்டித்த மண்ணின் கணக்கு. வெட்டி உதிர்ந்ததும் இன்னும் உப்பும். ஒரே ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு.

இந்த 530 நடையில் கொஞ்சம் பள்ளம் நிரப்பவும் தடுப்புச்சுவரின் பின்னால் கொட்டி இறுக்கவும் போகும். மிச்சம்? சமவெளியில் மிச்ச மண்ணைக் கேட்டு வாங்க ஆள் உண்டு. மலையில் அதைக் கீழே கொண்டுவர டீசலும் நேரமும் ஆகும். பக்கத்திலேயே பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜேசிபியின் கை அந்தப் பக்கம் திரும்புவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. கணக்கின் அமைப்பே போதும். வெட்டிய ஒவ்வொரு கன மீட்டரும் எம் புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏறுகிறது, அதற்குப் பில் போடப்படுகிறது. விழுந்த மண் எங்கே விழுந்தது என்று எழுதுவதற்கு எம் புக்கில் ஒரு பத்தி கிடையாது.

கொட்டிய மண் மழை வரும்வரை அங்கேயே சும்மா கிடக்கும். புல் முளைக்காத, வேர் பிடிக்காத, இறுகாத மண். ஐப்பசியில் முதல் கனமழை வந்ததும் அது ஓடையைத் தேடி இறங்கும். அதோடு வெட்டிய சரிவும் அறுபடும், தார் போடாத சாலையின் மேல் மண்ணும் கரையும், பக்கக் கால்வாயும் அரிக்கும். இவை எல்லாம் சேர்ந்து ஓடைக்குள் போகும்போது மண் தன்னைத் தானே பிரித்துக்கொள்கிறது. கல்லும் சரளையும் முதல் வளைவிலேயே நிற்கும். மணல் கொஞ்ச தூரம் போய் மடுக்களில் படியும். பொடி மண்ணும் களிமண்ணும் வெகுதூரம் பயணம் போகும். அசையாத தண்ணீரிலேயே ஒரு மீட்டர் ஆழம் இறங்க, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல் துகளுக்கு இரண்டு நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் பொடி மண்ணுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். ஆயிரத்தில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள களிமண்ணுக்கு மூன்று நாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது படியவே படியாது. அடிவாரத்து ஏரி வரைக்கும் வந்துதான் அடங்கும்.

இந்தப் பயணத்தில் யார் யார் அடிபடுகிறார்கள்?

ஓடைக் கல்லைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் அடியில் ஒரு ஊரே இருக்கும். வால் போல் மூன்று இழை நீட்டிக்கொண்டு கல்லோடு தட்டையாக ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகள், பொடிக் கற்களை ஒட்டித் தமக்குத்தாமே கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள், தட்டான்பூச்சியின் குஞ்சுகள், நத்தை, நண்டு, தலைப்பிரட்டை. கல்லின் மேலே வழவழவென்று படர்ந்திருக்கும் பாசிதான் இந்த ஊருக்கு வயல். கலங்கிய தண்ணீரில் வெயில் அடிக்கு இறங்காது, பாசி வளராது. வளர்ந்த பாசியின் மேலும் மண் படிந்தால் தின்ன வருகிறவர்களின் வாயில் மண்தான் விழும். கல்லிடுக்கு அடைபட்டால் பூச்சிகள் பிடியை விட்டுத் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். அவற்றை நம்பியிருக்கும் மீனுக்கு அடுத்த வேளை இல்லை.

மீனுக்கு நேரடியாகவும் அடி உண்டு. செவுள் என்பது மிக மெல்லிய தோல் இதழ்களின் அடுக்கு. மண் துகள் அதை அராவும், அடைக்கும். கல்லில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கல்லொட்டி வகை மீனுக்குச் சுத்தமான கல்தான் வீடும் சோறும். சுத்தமான மணலில் புதைந்து ஒளிந்துகொள்ளும் அயிரைக்கு, மணல்மேல் களி படிந்தால் ஒளிய இடம் இல்லை. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீனுக்குக் கலங்கல் என்பது மூடுபனியில் லாரி ஓட்டுவது போல.

இதில் காலமும் சதி செய்கிறது. நம் ஓடைகளில் மீன் எப்போது ஏறும் என்று கரையோரத்துப் பெரியவர்களைக் கேட்டால் புதுவெள்ளத்துக்கு என்பார்கள். முதல் வெள்ளத்தை எதிர்த்து ஏறித்தான் பல மீன்கள் முட்டையிடும் இடத்துக்குப் போகின்றன. மேலே வெட்டிப் போட்ட மண் கீழே இறங்குவதும் அதே முதல் வெள்ளத்தில்தான். ஆண்டு முழுக்க ஓடை தெளிவாக இருந்து அந்த ஒரு வாரம் கலங்கினால் போதும், அந்த ஆண்டுக் குஞ்சுகள் போயின.

"மலை ஓடையில் நாலு பொடி மீன் போனால் என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். சமவெளி ஆறுகளின் நிலையைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சேர்வராயன் மலைப்பகுதியில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயமும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் வந்து, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியே அதே காவிரிக்குப் போகிறது. கல்வராயனில் பிறக்கும் வசிட்ட நதி ஆத்தூர் பக்கம் சேகோக் கழிவோடு படும் பாடு ஊரறிந்தது. இந்த ஆறுகளை ஒருநாள் மீட்கத்தான் போகிறோம். அதற்கான திட்டங்களும் வழக்குகளும் பேச்சும் நடந்துகொண்டிருக்கின்றன. மீட்டபின் மீன் எங்கிருந்து வரும்? கீழிருந்து மேலேறி வர வேண்டுமென்றால் வழியில் தடுப்பணைகளும் கழிவு தேங்கிய நீட்டங்களும் குறுக்கே நிற்கின்றன. மிச்சம் இருப்பது மேலேயிருந்து வரும் வழி ஒன்றுதான். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் போதமலையிலும் கோடையிலும் வற்றாத மடுக்களில் உயிரோடு இருப்பவைதான் கீழிருக்கும் ஆறுகளுக்கு விதை. விவசாயி பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார். நாம் அந்தக் குதிருக்குள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றின் மீன்களை மலை மக்கள் சாமியாகவே பார்க்கிறார்கள். அறுத்த மீன் மீண்டும் பொருந்தி உயிரோடு நீந்தியதாக அங்கே தலக்கதை சொல்வார்கள். அந்த ஆறுதான் ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. ஓடையின் உயிருக்கு மதிப்பு உண்டு என்பதை இந்த மலைகளுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மீனைப் பற்றிக் கவலையில்லாதவர்களுக்கும் ஏரி உண்டு. களிமண் கடைசியாக வந்து அடங்குமிடம் அடிவாரத்து ஏரி என்று சொன்னோம். "வண்டல்தானே, வரட்டும்" என்று சிலர் சொல்வார்கள். வண்டல் வேறு, வெட்டுமண் வேறு. இலைமக்கும் மேல்மண்ணும் சேர்ந்து வருவது வண்டல். அதை ஏரியில் அள்ளி வயலில் போட்டால் விளையும். சரிவை மூன்று மீட்டர் ஆழம் வெட்டி எடுத்தது உயிரில்லாத அடிமண். அதன் களி ஏரித் தரையில் மெழுகு போல் படிந்து நீர் உள்ளே இறங்குவதைக் குறைக்கும். ஏரி நிறைந்தும் பக்கத்துக் கிணறு ஊறவில்லை என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் ஏரிகளுக்குச் செலவிடும் பணத்தைப் பாருங்கள். 2017-இல் குடிமராமத்துத் திட்டம் வந்தது, தூர் வாரினோம். மேட்டூர் அணையின் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதல் கட்டம் 2021-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு துறை தூர் வாருகிறது, இன்னொரு துறை தண்ணீர் கொண்டுவருகிறது. மூன்றாவது துறையின் மண் வந்து அந்த இடத்தை நிரப்பினால் கூட்டிக் கழித்து மிஞ்சுவது என்ன?

வெளியுலகில் இதை அளந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காட்டுச் சாலைகளை ஆராய்ந்த ரீட், டன் என்ற இரு அறிஞர்கள் 1984-இல் வெளியிட்ட முடிவு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கனரக லாரிகள் ஓடும் கப்பிச் சாலை, கைவிடப்பட்ட சாலையைப் போல 130 மடங்கு மண்ணை ஓடைக்கு அனுப்பியது. தளம் போட்ட சாலை அனுப்பியது அந்தக் கப்பிச் சாலையின் அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நமக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சாலை முடிந்துவிட்டால் ஆபத்து பெரிதும் குறைகிறது. வெட்டியதற்கும் தார் போட்டதற்கும் இடைப்பட்ட காலம்தான் ஓடைக்குக் கெட்ட காலம். நம் ஊரில் அந்த இடைக்காலம் எவ்வளவு நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். முழு நீளத்தையும் வெட்டிப் போட்டுவிட்டு, அடுத்த தவணைப் பணத்துக்கோ அனுமதிக்கோ காத்திருக்கும் வேலைகள் உண்டு. அந்தக் காத்திருப்பில் ஒரு மழைக்காலம் குறுக்கிட்டால் போதும்.

ஓரிகன் மாநில மலைகளில் நடந்த இன்னோர் ஆராய்ச்சி 1996-இல் வெளியானது. அங்கே சாலை நீளத்தில் ஏறத்தாழ 57 சதவீதம், பக்கக் கால்வாய் வழியாகவோ அரித்த வாய்க்கால் வழியாகவோ நேரே ஓடையோடு இணைந்திருந்தது. அதாவது சாலையே ஓடையின் கிளையாகிவிட்டது. "மலையில் குச்சிக்கிழங்கு போட்டும்தான் மண் அரிக்கிறது, சாலையை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. கிழங்குக் காட்டிலும் மண் அரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் காட்டில் அரித்த மண்ணில் ஒரு பகுதி வரப்பிலும் புதரிலும் நின்றுவிடும். சாலையின் பக்கக் கால்வாய் நடுவில் எதையும் நிறுத்தாமல் ஓடைக்குள் கொண்டுபோய் ஊற்றுகிறது.

"மலை என்றால் மண் சரியத்தானே செய்யும்" என்பதும் உண்மைதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது, திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தச் சரிவும் பதில் சொல்ல முடியாமல் போகலாம். அதன்பின் சாலையில் விழுந்த மண்ணை அள்ளி எங்கே போடுகிறோம் என்பது மட்டும் நம் கையில்தான் இருக்கிறது. சரிந்த மண்ணைச் சாலையின் மறுபக்கம் தள்ளிவிடுவது, மலை ஒருமுறை செய்த வேலையை நாம் இரண்டாம் முறை செய்து முடிப்பதாகும்.

இமயமலையில் சார்தாம் சாலைத் திட்டத்தில் இது நாடறிந்த வழக்கானது. உச்ச நீதிமன்றம் 2019-இல் ரவி சோப்ரா தலைமையில் அமைத்த உயர்நிலைக் குழு, வெட்டிய மண்ணைச் சரிவுகளில் கொட்டியதைத் தன் அறிக்கையில் எழுதியது. அங்கே நீதிமன்றம் வரை போன விஷயத்தை இங்கே ஆட்சியர் கூட்டத்தில் முடித்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது, ஓட்டைகளோடு. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தேசிய, மாநில நெடுஞ்சாலைகள்தான் உண்டு. ஊராட்சி, ஒன்றியச் சாலைகள் அதில் இல்லை. தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கும் 2013-இல் வரம்பை 30 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டராக உயர்த்திவிட்டார்கள். 2020 மார்ச்சில் சாலை போன்ற பணிகளுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று ரத்து செய்தது. ஆக, மண் எங்கிருந்து எடுக்கிறோம் என்று கேட்க அந்தத் தீர்ப்பு இருக்கிறது. எங்கே போடுகிறோம் என்று கேட்க?

அதற்கும் புத்தகம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலை, பாலப் பணிகளுக்கான விவரக்குறிப்பை இந்தியாவில் சாலைப் பொறியாளர் யாரும் அறியாமல் இருக்க முடியாது. அதன் மண் வேலை அத்தியாயத்தில் 306-ஆம் பிரிவு முழுக்க முழுக்க மண் அரிப்பையும் வண்டல் படிவதையும் கட்டுப்படுத்துவதைப் பற்றியது. ஒரே நேரத்தில் எவ்வளவு பரப்பை மூடாமல் திறந்து போடலாம் என்று வரம்பு கட்டும் அதிகாரத்தை அது பொறியாளருக்குக் கொடுக்கிறது. ஓடைகளைக் காக்கத் தற்காலிகத் தடுப்புகள் அமைக்கச் சொல்கிறது. ஆனால் அந்தத் தற்காலிகத் தடுப்புகளை மண் வேலையோடு சேர்ந்த துணை வேலையாகக் கருதி, தனிப் பணம் இல்லாமல் விட்டுவிடுகிறது. தனி விலை இல்லாத வேலை எஸ்டிமேட்டில் தெரியாது. எஸ்டிமேட்டில் தெரியாததை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார், மேற்பார்வையாளர் கேட்க மாட்டார். விதி புத்தகத்தில் தூங்குவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, அதற்கு விலை எழுதாததுதான்.

இந்த மடலை ஒரு துறைக்கு எழுதாமல் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுவதற்கும் இதுவே காரணம். மண்ணை வெட்டுவது நெடுஞ்சாலைத் துறை அல்லது ஊரக வளர்ச்சித் துறை. அது விழும் சரிவு வனத்துறைக்கோ வருவாய்த் துறைக்கோ உரியது. ஓடையும் ஏரியும் நீர்வளத் துறை அல்லது ஊராட்சி. மீன் மீன்வளத் துறை. மண்ணை எடுக்க அனுமதி கனிமவளத் துறை. ஓடையில் கலந்துவிட்ட மண்ணுக்கு மட்டும் துறையே இல்லை. 1997 ஜனவரி 1 முதல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்குகிறது. திருமணிமுத்தாறு மட்டும் இன்னும் பிரியவில்லை. இந்த எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் உட்காரும் இடம் உங்கள் கூட்ட அரங்கம் ஒன்றுதான்.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை:

1. மண் கணக்கு. மலையிலும் அடிவாரத்திலும் நடக்கும் ஒவ்வொரு சாலைப் பணியின் எஸ்டிமேட்டிலும் வெட்டும் மண் எவ்வளவு, நிரப்பப் பயன்படுவது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, அது போகும் இடத்தின் சர்வே எண் எது என்று எழுத வேண்டும். கொட்டும் இடத்தில் அளந்த பிறகே வெட்டியதற்கான முழுப் பில்லும் போக வேண்டும். எம் புக்கில் இல்லாத அந்தப் பத்தி இதனால் வந்துவிடும்.

2. வெட்டும் நீளத்துக்கு வரம்பு. ஒரு துண்டை வெட்டினால் அதன் பக்கக் கால்வாயும் தடுப்பும் கட்டி முடித்த பிறகுதான் அடுத்த துண்டில் ஜேசிபி இறங்க வேண்டும். அரைக் கிலோமீட்டர் என்பது எங்கள் யோசனை. சரியான அளவை உங்கள் பொறியாளர்கள் சொல்லட்டும். 306-ஆம் பிரிவு கொடுக்கும் அதிகாரம் இதற்குப் போதும்.

3. நாட்காட்டி. மலைச்சரிவை வெட்டும் வேலை ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கட்டும். கோடை மழைக்கு முன் திறந்த சரிவு மூடப்பட வேண்டும். செப்டம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை அவசரச் சீரமைப்பைத் தவிரப் புதிதாக எதையும் வெட்டக் கூடாது. புதுவெள்ளத்தில் மீன் ஏறும் வழியில் மண் இறங்காமல் இருக்க இது ஒன்றே பெரிய உதவி.

4. மூடுவதற்கு நம் ஊர்ப் பொருள். திறந்த சரிவில் தென்னை நார் விரிப்பு விரித்துப் புல் விதைத்தாலும், வெட்டிவேர் வரிசை நட்டாலும் வேர் பிடிக்கும்வரை மண் நிற்கும். தென்னை நார் விரிப்பை மத்திய அரசே 2020-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் பயன்படுத்த அனுமதித்தது. பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் தென்னை வைத்திருப்பவர்களுக்கும் இது வேலை. ஆனால் இதை எஸ்டிமேட்டில் தனி உருப்படியாக, தனி விலையோடு எழுத வேண்டும்.

5. கால்வாயும் சிறுபாலமும். பக்கக் கால்வாயின் தண்ணீரை நேரே ஓடையில் விடாமல், இடையிடையே குழி வெட்டி மணலையும் பொடி மண்ணையும் அதில் உட்கார வைத்து, பிறகு காட்டுத் தரையில் பரவ விட வேண்டும். களிமண் குழியில் நிற்காது. அதற்குச் சரிவை மூடுவதுதான் வழி. ஆண்டு முழுக்க நீர் ஓடும் ஓடைகளில் குழாய்ப்பாலத்தின் வாய் ஓடைத் தரையைவிட உயரமாக இருக்கக் கூடாது. அங்கிருந்து தண்ணீர் குதித்தால் கீழே பள்ளம் விழும். மீனுக்கு அது ஏற முடியாத சுவர். குழாயின் இடத்தில் பெட்டிப்பாலம் கட்டி, அதன் தரையை ஓடைத் தரைக்குக் கீழே பதித்தால் கல்லும் மணலும் அதற்குள்ளேயே படியும். ஓடை ஓடையாகவே தொடரும்.

6. அளவு. வேலை தொடங்கும் முன்பும், நடக்கும்போதும், முடிந்த பின்பும் சாலைக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் ஓடையின் கலங்கலை அளந்து பலகையில் எழுதி வையுங்கள். இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். பெரியார் பல்கலைக்கழகமும் இரு மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. விலங்கியல் மாணவர்களுக்கு இது களப்பாடம். மலைக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து அசையாமல் வைத்து, அடியில் எவ்வளவு மண் உட்கார்ந்தது என்று அடிக்கோலால் அளந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மேல்பாட்டிலையும் கீழ்ப்பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாலை ஓடைக்குக் கொடுத்தது எவ்வளவு என்று எழுத்துப் படிக்காதவருக்கும் புரியும்.

இவற்றுக்குச் செலவு ஆகும். இல்லை என்று சொல்லவில்லை. மண்ணைக் கீழே கொண்டுபோகும் டீசல், நார் விரிப்பு, குழிகள் எல்லாம் சேர்ந்து எஸ்டிமேட்டைக் கொஞ்சம் உயர்த்தும். அந்தச் செலவை இப்போதும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏரி தூர் வாரும் பில்லாக, மூன்றாம் ஆண்டே அரித்துப்போன சாலையோரத்தை மறுபடி கட்டும் பில்லாக, ஊறாத கிணற்றை இன்னும் ஆழமாக்கும் விவசாயியின் கடனாக அது வேறு கணக்குகளில் ஒளிந்திருக்கிறது. வண்டல் பிடிக்கும் குழியைப் பார்த்துப் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதும் நியாயமான கவலை. மலை ஊராட்சிகளிலேயே அந்த வேலைக்கு ஆள் உண்டு. ஊரக வேலைத் திட்டப் பட்டியலில் அதைச் சேர்ப்பது உங்கள் அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. போதமலைச் சாலையை முதல் களமாக எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டு காத்திருந்து அந்த மக்களுக்குக் கிடைக்கும் சாலை, அடிவாரத்து ஓடைகளைக் கலக்காமல் ஏறிய சாலை என்ற பெயரையும் வாங்கட்டும். அங்கே கூடிவந்தால் கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் அதையே நீட்டிக்கலாம். சேலம் ஆட்சியர் அலுவலகமும் சேர்ந்துகொள்ளும்.

மேலே கேட்ட ஆறில் முதலாவதற்கு மட்டுமாவது வரும் மழைக்காலத்துக்கு முன் பதில் வேண்டும். அடுத்த சாலைப் பணி ஆய்வுக் கூட்டத்தின் பட்டியலில் "மிச்ச மண், கொட்டிய இடம்" என்று ஒரு வரி சேருமா, சேராதா? உங்கள் பதில் எதுவானாலும் இதே பக்கத்தில், இதே அளவில் அச்சிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு